ஐம்பத்திரண்டு

ஆரம்பாக்கத்திலிருந்து கிழக்கே வந்தால்
தார்ச்சாலை முடிந்து உவர்மண்.
உவர்மண் முடிந்து உமரிச்செடி.
அதுவும் முடிகிற இடத்தில் முழங்கால் தண்ணீர்,
அந்தத் தண்ணீருக்குள் எங்கோ
தமிழ்நாடு முடிகிறது.
கல் நட்டால் சேறு விழுங்கிவிடும் என்று
காகிதத்தோடு விட்டுவிட்டார்களாம்.

நான் குனிந்தபடியேதான் மாநிலம் தாண்டுவேன்.
பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வி
இரண்டு கையையும் சேற்றில் விட்டு
துழாவித் துழாவி.
மீசை பட்டால் இறால்.
வழுக்கினால் மட்டி.
முள் ஏறினால் கெளுத்தி, அன்றைக்கு
அவ்வளவுதான் வேலை.

வாயில் பறி இருப்பதால்
எட்டுப் பெண்களும் பேசிக்கொள்வதில்லை.
மூக்கால் சிரிப்போம்.
பூங்காவனம் மட்டும் தொண்டைக்குள்
எதையோ முனகிக்கொண்டே வருவாள்.
பாட்டா, வசவா?
கரையேறிக் கேட்டால்
மறந்துபோச்சு என்பாள்.

மாசிக் கடைசியில் ஒரு பெண் வந்தாள்,
சூளூர்ப்பேட்டையில் அறை எடுத்திருக்கிறாளாம்,
பெயர் ஸ்ரவந்தி.
கையில் சின்னக் குழாய் ஒன்று.
"முதல்ல நீங்க சொல்லுங்க, உப்பு எவ்வளவு?"
பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்.
உப்பு இரண்டு பேச்சிலும் உப்புதான்,
அதில் தகராறில்லை.

பறியை இடுப்பில் செருகி
உள்ளங்கைத் தண்ணீரை நக்கிச் சொன்னேன்:
கடல் மாதிரிதான்.
ஒரு கல் கூடக்குறைய இருக்கலாம்.
இருபது வருஷம் இதில் ஊறிய நாக்கு,
கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

குழாயை என் கண்ணில் வைத்தாள்.
உள்ளே ஒரு பாதி நீலம், ஒரு பாதி வெள்ளை,
இடையில் ஒரு கோடு.
கடலுக்கு முப்பத்தைந்தாம்.
கோடு ஐம்பத்திரண்டில் நின்றது.

கெட்டுப்போயிருக்கும் என்றேன்.
துடைத்துவிட்டு,
தன் பாட்டிலிலிருந்து குடிதண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் காட்டினாள்.
பூஜ்ஜியம்.

முகத்துவாரத்தில் மணல் ஏறியது தெரியும்.
பொக்லைன் வந்து வெட்டிவிட்டுப் போகும்,
இரண்டு அமாவாசைக்குள் மூடிக்கொள்ளும்.
காளங்கி ஆறு மழைக்குத் தலைகாட்டுவதோடு சரி.
மேற்கே இறால் பண்ணைகளில்
இரவெல்லாம் சக்கரம் சுற்றுவதும்
விடிந்தால் இங்கே நுரை மிதப்பதும் தெரியும்.
இந்தக் கரை ஆபீசில் அது அந்தக் கரைத் தண்ணீர்,
அந்தக் கரையில் இந்தக் கரைத் தண்ணீர்.
கூட்டத்தில் எழுந்து சொல்லியும் இருக்கிறேன்
பறி இல்லாத வாயால்.

தெரியாமல் போனது இதுதான்.
ஏரி உவர்க்க உவர்க்க
என் நாக்கும் கூடவே நடந்திருக்கிறது,
தினமும் வரும் திருடனைப் பார்த்துக்
குரைப்பதை விட்டுவிட்ட நாய் மாதிரி.

போன பொங்கலுக்குத்
திருத்தணி மருமகன்
குழம்பை ஒரு வாய் வைத்துத் தட்டை நகர்த்தினான்.
நாக்கு செத்த பயல் என்று
அடுப்படியில் நின்று திட்டினேன்.

இப்போது விரலையும் நம்ப முடியவில்லை.
மீசை படாதபோது
இறால் இல்லையா,
விரல்தான் மரத்துவிட்டதா?

நேற்று எல்லோரையும் நிறுத்தி
பறியை வாயிலிருந்து எடுக்கச் சொன்னேன்.
ஒவ்வொருத்தியாக நக்கிப் பார்த்தார்கள்.
எப்பவும்போலத்தான், என்றாள் ஒருத்தி.
எப்பவும்போலத்தான்.
பூங்காவனம் துப்பிவிட்டு
வாய் திறந்து முதன்முதலாய்த் தெளிவாகச் சொன்னது
அதையேதான்.

சனிக்கிழமை மருமகன் வருகிறான்.
வீட்டுக்குள் நுழையும் முன்பே
நேராக இங்கே கூட்டிவர வேண்டும்.
உள்ளங்கையில் ஏரியை அள்ளிக் கொடுத்து
அவன் முகம்
எவ்வளவு கோணுகிறது என்று
பார்க்க வேண்டும்.